நியுவே போகலாமா? ஒரு கல் தீவைப் பற்றி விரிவாக

"கூட்டம் இல்லாத ஒரு பாலினேசியத் தீவு நாட்டில் ஒரு வாரம் இருக்க வேண்டும். நான், மனைவி, பன்னிரண்டு வயது மகன். மூவருக்கும் நீச்சல் தெரியும், மூவரும் சைவம். நியுவே சரிப்படுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரிப்படும். ஆனால் தீவு என்றதும் வெள்ளை மணல், சாய்ந்த தென்னை, முழங்கால் அளவுத் தண்ணீர் என்று மனதில் ஒரு படம் ஓடினால், முதலில் அதைக் கழற்றி வையுங்கள். அதற்கு குக் தீவுகள் இருக்கின்றன. நியுவேயில் மணற்கரை என்று சொல்லும்படி அனேகமாக எதுவும் கிடையாது. தென் பசிபிக் கடலில் நிற்கும் ஒரு பாறை அது. ஊர்க்காரர்களே அதை "தி ராக்" என்றுதான் சொல்வார்கள். அங்கே நீங்கள் பார்க்கப் போகும் அழகு, படப் போகும் சிரமம் இரண்டுக்கும் காரணம் அந்தக் கல்தான். அதனால் கல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு பழைய எரிமலை கடலுக்குள் அமிழ்ந்தது. அதன் தலையில் பவளம் வளர்ந்து வட்டமான பவளத்தீவானது. பிறகு அந்தப் பவளத்தீவே மேலே எழும்பியது. மேற்கே டோங்கா அகழி என்ற ஆழ்கடல் பள்ளத்தில் பசிபிக் தட்டு, அதாவது கடலடியில் உள்ள பூமி ஓட்டின் பெரும் துண்டு, கீழே வளைந்து இறங்குகிறது. இறங்குவதற்கு முன் அந்தத் தட்டு சற்றே புடைத்துக்கொள்கிறது. நியுவே அந்தப் புடைப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. விளைவு, 260 சதுர கிலோமீட்டர் சுண்ணாம்புப் பாறை, இரண்டு படிக்கட்டு போல, அதிகபட்சம் 70 மீட்டருக்குள் உயரம். நாலாபுறமும் செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. பழைய காயல் இருந்த இடம் இப்போது தீவின் நடுவில் காடும் தோட்டமுமாக இருக்கிறது.

சுண்ணாம்புக்கல் சல்லடை மாதிரி. பெய்யும் மழை மேலே நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். ஆறு இல்லை, ஓடை இல்லை, ஏரி இல்லை. குடிநீரை ஆழ்துளைக் கிணற்றிலிருந்துதான் எடுக்கிறார்கள். ஆறு இல்லாததால் மண் அடித்துக்கொண்டு கடலுக்குப் போவதில்லை. அதனால்தான் அந்தத் தண்ணீர் அவ்வளவு தெளிவு. முக்குளிப்பவர்கள் 70 மீட்டர் தூரம் வரை தெரிகிறது என்று சொன்னால் அது வியாபாரப் பேச்சு இல்லை.

குட்டை குளம் இல்லாத ஊர் என்பதற்கு ஒரு கதை சொல்லாமல் போக முடியாது. 2018இல் எங்கிருந்தோ ஒரு ஆண் வாத்து தீவுக்கு வந்து சேர்ந்தது. அந்த நாட்டிலேயே வேறு வாத்து கிடையாது. சாலையோரம் தேங்கிய ஒரு சேற்றுக்குட்டைதான் அதற்கு வீடு. குட்டை வற்றும்போதெல்லாம் தீயணைப்புப் படை வந்து தண்ணீர் ஊற்றியது. அதற்கு டிரெவர் என்று பெயர் வைத்தார்கள். அப்போது நியூசிலாந்து நாடாளுமன்றச் சபாநாயகராக இருந்தவரின் பெயர் அது. அவருடைய குடும்பப் பெயருக்கு ஆங்கிலத்தில் ஒரு வகை வாத்து என்று பொருள். 2019 ஜனவரியில் நாய்கள் கடித்து அது இறந்தபோது வெளிநாட்டுப் பத்திரிகைகளில் கூட இரங்கல் செய்தி வந்தது.

இப்போது மனிதர்கள். தீவில் இருப்பவர்கள் சுமார் 1,700 பேர். நம் ஊர்ப் பெரிய கல்யாணத்தில் மூன்று நான்கு பந்தியில் சாப்பிட்டு எழுந்துவிடக்கூடிய நாடு. 1966இல் ஐயாயிரத்துக்கு மேல் இருந்தார்கள். விமான நிலையம் வந்த பிறகு வேலை தேடி நியூசிலாந்துக்குப் போகத் தொடங்கி, இன்று அங்கே தங்களை நியுவேக்காரர் என்று பதிவு செய்பவர்கள் முப்பதாயிரத்தைத் தாண்டுகிறார்கள். 1974 அக்டோபர் 19 முதல் நியுவே தன்னைத் தானே ஆள்கிறது. நியூசிலாந்துடன் சுதந்திரமான கூட்டுறவு என்ற ஏற்பாடு. சட்டமன்றம், பிரதமர் எல்லாம் சொந்தம். குடியுரிமை நியூசிலாந்துடையது, செலவாணி நியூசிலாந்து டாலர். ஐநாவில் உறுப்பினர் இல்லை, ஆனால் பல நாடுகளுடன் நேரடி உறவு உண்டு. 2023இல் அமெரிக்காவும் அதை இறையாண்மை கொண்ட நாடாக ஏற்றது.

தீவைச் சுற்றிக் காரில் போகும்போது பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறையக் கண்ணில் படும். கூரை போய், உள்ளே மரம் முளைத்த வீடுகள். கைவிடப்பட்டவை என்று நினைத்து உள்ளே நுழையாதீர்கள். நிலம் குடும்பத்துக்குச் சொந்தம். குடும்பம் ஆக்லாந்தில் இருந்தாலும் சொந்தம் போகாது. வீட்டு முற்றத்திலும் சாலையோரத்திலும் கல்லறைகள் இருக்கும், அவையும் அப்படித்தான். முதல் முறை பார்த்தபோது எனக்குச் சற்று மனசு கனத்தது. இரண்டு நாளில் பழகிவிட்டது, எதிரே வரும் ஒவ்வொரு வண்டிக்காரரும் கை அசைப்பதும் சேர்ந்து. நீங்களும் அசைக்க வேண்டும். அசைக்காமல் போனால் உங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைப்பார்கள்.

இந்த மரியாதைக்காரர்களைத்தான் 1774இல் கேப்டன் குக் "காட்டுமிராண்டித் தீவு" என்று வரைபடத்தில் எழுதிவிட்டுப் போனார். இறங்க முயன்றபோதெல்லாம் விரட்டியடித்தார்கள் என்பது அவர் கோபம். இறங்க விடாததற்கு அவர்களிடம் நல்ல காரணம் இருந்தது. வெளியாட்கள் நோய் கொண்டுவருவார்கள் என்ற பயம் அந்தத் தீவில் வெகு காலம் இருந்தது. அதைத் தவறு என்று யார் சொல்ல முடியும்? 1846இல் பெனியமினா என்ற நியுவேக்காரரே சமோவாவிலிருந்து திரும்பி வந்து கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்த பிறகுதான் கதவு திறந்தது. 1900இல் பிரிட்டிஷ் பாதுகாப்பில், 1901இல் நியூசிலாந்தின் கையில். முதல் உலகப் போருக்கு இந்தத் தீவிலிருந்து 150 பேர் போனார்கள். பூட்ஸ் போட்டுப் பழகாதவர்கள், ஆங்கிலம் தெரியாதவர்கள். குளிரும் நோயும்தான் அவர்களை அதிகம் வாட்டின.

சரி, எப்படிப் போவது? ஆக்லாந்திலிருந்து விமானம். மூன்றரை மணி நேரம், வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. இடையில் தேதிக் கோட்டைத் தாண்டுவீர்கள், அதனால் செவ்வாய்க்கிழமை ஏறினால் திங்கட்கிழமை இறங்குவீர்கள். விடுதி முன்பதிவில் தேதியைத் தவறாகப் போடுபவர்கள் அதிகம், கவனம். இந்திய நேரத்தைவிட நியுவே பதினாறரை மணி நேரம் பின்னால் இருக்கிறது.

நியுவேக்கு விசா பெரிய விஷயமில்லை: திரும்பும் டிக்கெட்டும் தங்குமிடமும் இருந்தால் இறங்கியதும் 30 நாள் அனுமதி தருகிறார்கள். உங்கள் தலைவலி நியூசிலாந்து. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா வேண்டும். விமானம் மாறுவதற்கான டிரான்சிட் விசா விமான நிலையத்துக்குள் 24 மணி நேரம் இருக்கத்தான் உதவும். நியுவே விமான நேரங்களைப் பார்த்தால் ஆக்லாந்தில் ஒரு இரவாவது தங்க நேரும். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை என்று இரண்டு தடவை உள்ளே நுழைவீர்கள். ஆகவே பலமுறை நுழைய அனுமதிக்கும் பார்வையாளர் விசாவாக எடுத்துவிடுங்கள்.

விமான டிக்கெட், அறை, கார் மூன்றையும் ஒரே நாளில் உறுதி செய்யுங்கள். அறைகள் கொஞ்சம், வாடகைக் கார்கள் அதைவிடக் கொஞ்சம். பேருந்து கிடையாது. தீவைச் சுற்றும் சாலை அறுபது கிலோமீட்டர் சொச்சம், நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டுவார்கள். ஓட்டுநர் உரிமம் பற்றிக் கார் தருபவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தலைநகர் அலோஃபியின் காவல் நிலையத்தில் கட்டணம் கட்டி உள்ளூர் லைசென்ஸ் வாங்குவது அங்கே நெடுநாள் வழக்கம். நல்ல நினைவுப்பொருளும் கூட. தலைநகர் என்றதும் கற்பனையை ஓடவிடாதீர்கள். ஒரு சாலை, அதன் இரு பக்கமும் சில கடைகள், அரசு அலுவலகங்கள், ஒரு தேவாலயம், கீழே ஒரு படகுத்துறை.

அந்தப் படகுத்துறையைப் போய்ப் பாருங்கள். துறைமுகம் இல்லாத நாடு அது. அலை நேராகப் பாறையில் மோதுகிறது, படகைக் கட்டி வைக்க வழியில்லை. அதனால் ஒவ்வொரு படகையும் கிரேன் வைத்துத் தூக்கித் தண்ணீரில் இறக்குகிறார்கள், வேலை முடிந்ததும் தூக்கிக் கரையில் வைக்கிறார்கள். பாய்மரப் படகில் உலகம் சுற்றுகிறவர்கள் வெளியே மிதவையில் கட்டிவிட்டு, கரைக்கு வரும் சிறு படகைத் தாங்களே கிரேனில் மாட்டித் தூக்குவார்கள். சரக்குக் கப்பலும் வெளியேதான் நிற்கும். பொருட்கள் சிறு படகில் ஏறி வரும். கப்பல் தாமதமானால் கடையில் வெங்காயம் இருக்காது. சைவக்காரர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

பார்க்க வேண்டியவற்றில் முதலிடம் டோஙோ பிளவுக்கு. பெயரைப் பற்றி ஒரு வார்த்தை: ஆங்கில எழுத்தில் "ஜி" என்று எழுதியிருந்தால் அது ங். "அங்ஙனம்" என்பதில் வருமே, அதே ஒலி. நமக்கு அந்த எழுத்து இருந்தும் பயன்படுத்துவதில்லை. அவர்கள் நாள் முழுக்கச் சொல்கிறார்கள். அதே மாதிரி இ, எ ஒலிகளுக்கு முன் வரும் ட, ஸ ஆகிவிடும். அவடெலே என்று எழுதியிருக்கும் கிராமம் வாயில் அவஸெலே.

கிழக்குக் கரையில் ஹக்குபு, லிக்கு கிராமங்களுக்கு நடுவே வண்டியை நிறுத்திவிட்டு ஹுவாலு காட்டுக்குள் நடக்க வேண்டும். அது பாதுகாக்கப்பட்ட காடு; அதில் ஒரு பகுதிக்குள் ஊர்க்காரர்களே போவதில்லை, முன்னோர் விதித்த தடை. நிழலில் நடந்துகொண்டே இருக்கும்போது திடீரென்று மரம் முடிந்து, கறுத்த பவளக் கூர்கள் ஆயிரக்கணக்கில் நிற்கும் வெளி வரும். ஆளுயரக் கத்திகளை நட்டு வைத்த மாதிரி. அதன் வழியே பாதை வெட்டியிருக்கிறார்கள். முடிவில் செங்குத்தான மர ஏணி. இறங்கினால் இரண்டு சுவர்களுக்கு நடுவே மணல், அதில் தென்னை மரங்கள். கடல் அடுத்த சுவருக்கு அப்பால் இடித்துக்கொண்டிருக்கும். உங்கள் மகனுக்கு இந்த ஒரு இடம் போதும். மூடிய காலணி கட்டாயம். செருப்போடு போய்க் கால் வழுக்கிக் கையை ஊன்றினால் கை கிழியும்.

மேற்குக் கரை சுலபம். ஊர்க்காரர்கள் "கடல் வழி" என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் படி இறங்கினால் ஒரு குகையோ குளமோ இருக்கும். லிமுவில் கடல் புகுந்த இரண்டு தடாகங்கள். முகமூடி போட்டு முகத்தை உள்ளே விட்டால் முதலில் எல்லாம் மங்கலாகத் தெரியும். கண்ணாடியில் கோளாறு இல்லை. பாறைக்குள் இறங்கிய மழைநீர் இங்கே ஊறி வந்து உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. இரண்டும் கலக்கும் இடம் எண்ணெய் போட்டது மாதிரி அலம்பும். கொஞ்சம் கீழே போனால் சட்டென்று தெளியும், சூடும் கூடும். ஹிக்குடவாக்கே அருகே மட்டாபா, உயரமான இரு பாறைகளுக்கு இடையில் நீளமான நீச்சல் குளம். முன்பு அரசர்கள் குளித்த இடம். அதே இடத்திலிருந்து தலாவா வளைவுகளுக்குப் பாதை பிரிகிறது. தாழ்ந்த ஓதத்தில், அதாவது கடல்மட்டம் இறங்கியிருக்கும் நேரத்தில்தான் போக வேண்டும். பயணத்தின் முதல் நாளே ஓத நேர அட்டவணை ஒன்றைக் கையில் வாங்கிவிடுங்கள். அந்த வாரத்தின் நிகழ்ச்சி நிரலை எழுதப்போவது அதுதான்.

அவாய்க்கி குகை தனி. முதல் படகு வந்து இறங்கிய இடம் என்று சொல்லப்படுவது. ஞாயிற்றுக்கிழமை அங்கே குளிக்கக் கூடாது. கலோவாமா என்ற மீன்குஞ்சுக் கூட்டம் உள்ளே வரும் நாட்களிலும் கூடாது. பலகை வைத்திருப்பார்கள், மதியுங்கள்.

கடல் பாம்பைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பயந்திருப்பீர்கள். கட்டுவாலி என்று பெயர், கறுப்பு வெள்ளைப் பட்டை, உலகத்தில் நியுவே கடலில் மட்டும் இருப்பது. கடும் விஷம் உண்டு. ஆனால் வாய் சிறியது, சாதுவானது. நீந்தும்போது பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், மூச்சு விட மேலே போகும். தொடாமல் இருந்தால் போதும். மகனுக்கு இதை முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் முதல் நாளே தண்ணீரைவிட்டு ஏறிவிடுவான்.

திமிங்கிலம் பார்க்க வேண்டுமானால் ஜூலை முதல் அக்டோபர் வரை. அண்டார்டிகாப் பக்கத்திலிருந்து கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டி போடவும் இணை சேரவும் வரும். கரை செங்குத்தாக இறங்குவதால் ஆழம் வாசலிலேயே தொடங்குகிறது, திமிங்கிலமும் வாசல் வரை வருகிறது. அலோஃபிப் பாறை மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். இரவில் அவை மூச்சு விடும் சத்தம் அறைக்குக் கேட்கும். உரிமம் பெற்றவர்களோடு படகில் போய் அவற்றோடு தண்ணீரில் இறங்கவும் முடியும். எனக்கு அதில் இரண்டு மனசு. தாயும் குட்டியும் ஓய்வெடுக்க வந்த இடத்தில் நாம் போய் எட்டிப் பார்ப்பது சரியா என்று தெரியவில்லை. கரையிலிருந்தே இவ்வளவு தெரியும்போது எனக்கு அது போதும். நீங்கள் உங்கள் மனம் போல் செய்யுங்கள்.

இந்த மாதங்கள்தான் வெயில் குறைந்த, மழை குறைந்த பருவமும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவம். 2004 ஜனவரியில் ஹெட்டா புயல் வந்தபோது அலை பாறையின் உச்சியைத் தாண்டி ஏறி, அலோஃபியில் இருந்த மருத்துவமனையையும் அருங்காட்சியகத்தையும் துடைத்துக்கொண்டு போனது. புது மருத்துவமனையைக் கடலைவிட்டு உள்ளே தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். சிறியதுதான், பெரிய சிக்கல் என்றால் விமானத்தில் நியூசிலாந்து. அந்தச் செலவை ஏற்கும் மருத்துவக் காப்பீடு இல்லாமல் போகாதீர்கள்.

சாப்பாடு. நியுவேயின் பெருமை மீனும் உஙாவும். உஙா என்பது தேங்காய் நண்டு. நிலத்தில் வாழும், தேங்காயை உரித்து உடைக்கும், பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். உங்களுக்கு அது தேவைப்படாது. ஆனால் இரவில் அதைத் தேடிக் காட்டுக்குள் அழைத்துப் போவார்கள், பார்க்க மட்டும் போகலாம். சைவத்துக்கு வாருங்கள். அங்கே எல்லோர் தோட்டத்திலும் சேம்பு இருக்கிறது, நம் சேப்பங்கிழங்கைவிடப் பெரியது. பப்பாளி, வாழை, ஈரப்பலா, தேங்காய் உண்டு. சேம்பையும் பப்பாளியையும் மெல்லிய வில்லைகளாக அடுக்கி, தேங்காய்ப்பால் ஊற்றி, இலையில் கட்டி, மண்ணடுப்பில் வேகவைப்பார்கள். டக்கிஹி என்று பெயர். பெயர் தெரியாமல் கொடுத்தால் கேரளாவில் எங்கேயோ செய்தது என்று சொல்வீர்கள். வழக்கமாகச் சந்தை அதிகாலையிலேயே கூடி, ஏழு எட்டு மணிக்கெல்லாம் காலியாகிவிடும். சமையலறை உள்ள விடுதியாக எடுங்கள். அரிசி, பருப்பு, மசாலாவை மூடி ஒட்டிய பாக்கெட்டில் கொண்டுபோகலாம். ஆனால் நியூசிலாந்திலும் நியுவேயிலும் உணவுப் பொருளைச் சுங்கப் படிவத்தில் குறிப்பிட்டே ஆக வேண்டும். மறைத்தால் நியூசிலாந்தில் அபராதம் கடுமை. விதை, பச்சைக் கறிவேப்பிலை எதுவும் வேண்டாம்.

பணம் எடுக்க ஏடிஎம்மை நம்ப வேண்டாம். ஆக்லாந்திலேயே நோட்டாக மாற்றிக்கொண்டு போங்கள். உள்ளூர் சிம் கார்டு கிடைக்கும். இணையம் என்றதும் ஒரு வேடிக்கை: நியுவேயின் இணையக் குறியீடான ".நு", ஸ்வீடன் மொழியில் "இப்போது" என்று பொருள் தருவதால் ஸ்வீடனில் ஏகப்பட்ட தளங்கள் அந்த முகவரியில் இருக்கின்றன. தங்கள் பெயரில் வேறு நாட்டில் யாரோ சம்பாதிக்கிறார்கள் என்று நியுவே ஆண்டுக்கணக்கில் வழக்காடி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தீவு நின்றுவிடும். படகு இறங்காது, மீன் பிடிக்க மாட்டார்கள், முக்குளிப்பும் இல்லை. தேவாலயத்துக்குப் போங்கள், எந்த மதமானாலும் வரவேற்பார்கள். தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள். பாட்டு எழும்போது கூரை அதிரும். மற்ற நாட்களிலும் நீச்சல் உடையோடு கிராமத்துக்குள் நடக்காதீர்கள். "ஃபகாலோஃபா லஹி அட்டு" வணக்கம், "ஃபகாவுவே லஹி" மிக்க நன்றி. இரண்டையும் மகனுக்குச் சொல்லிக் கொடுங்கள், பெரியவர்கள் பூரித்துப்போவார்கள்.

ஒரு வாரம் போதுமா என்றால், விமானம் வரும் நாள் கணக்கில் ஏழு நாள்தான் பொருந்தும், அது சரியான அளவும் கூட. இரண்டு நாளைக் காலியாக விட்டு வையுங்கள். அலை பெரிதாக இருக்கும் நாளில் மேற்குக் கரையில் எங்கும் இறங்க முடியாது. அப்புறம், அமாவாசையை ஒட்டிப் போக முடிந்தால் போங்கள். 2020இல் நாடு முழுவதுமே இருண்ட வானப் பகுதியாக அங்கீகாரம் பெற்ற முதல் நாடு நியுவே. தெருவிளக்குகளையே அதற்காக மாற்றினார்கள். உள் சாலையில் காரை நிறுத்தி, விளக்கை அணைத்து, கண் பழகப் பத்து நிமிடம் காத்திருங்கள். பால்வீதியின் வெளிச்சத்திலேயே பக்கத்தில் நிற்பவர் உருவம் தெரியும்.